பழைய பண்ணை முற்றம்: எந்தக் கட்டடத்துக்கு எந்த வேலை?

நீங்கள் கேட்டிருப்பதை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில், சஃபோக் பக்கம் ஒரு சின்ன கிராமம். தலைமுறைகளாக ஒரே குடும்பம் பயிர் செய்த பண்ணை விற்பனைக்கு வருகிறது. நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரர் எடுத்துக்கொள்கிறார். பழைய முற்றத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டடங்களையும் மட்டும், ஊர் கேட்டால் நியாயமான விலைக்குத் தருவதாகக் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். ஓக் மரச் சட்டத்தில் எழுப்பிய ஒரு பெரிய பார்ன், அதாவது கதிர் சேர்த்துப் போரடித்த கட்டடம் (பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் கிரேடு 2 ஸ்டார், உச்ச நிலைக்கு அடுத்தது), செங்கல் குதிரை லாயம், நீண்ட மாட்டுத்தொழுவம், முன்பக்கம் திறந்த வண்டிக்கொட்டகை, 1960களில் போட்ட ஓர் இரும்பு ஷெட், அப்புறம் வயல் நடுவே தனியாக நிற்கும் ஒரு சின்னக் கொட்டகை. நீங்கள் பாரிஷ் கவுன்சில் (கிராம அளவிலான ஊராட்சி) உறுப்பினர். கவுன்சிலில் ஒரு சாரார் கல்யாண மண்டபம் என்கிறார்கள், இன்னொரு சாரார் ஊர்ப் பொதுக்கூடம் என்கிறார்கள், வீடுகளாகப் பிரித்து விற்றால்தான் கணக்கு நேராகும் என்கிறார்கள் மீதிப் பேர். எதை வைத்து முடிவெடுப்பது என்பது உங்கள் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று தரப்பும் பெரிய பார்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதை எப்படிச் சம்பாதிக்க வைப்பது என்பதே எல்லோருடைய கவலையும். இப்படிப்பட்ட முற்றங்களில் பணம் கொண்டுவர வேண்டியது சுற்றியுள்ள சின்னக் கட்டடங்கள். பெரிய பார்னுக்கு உள்ள ஒரே பெருமை அதன் வெற்றிடம்தான். அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டுவைக்கும் வேலையை மட்டுமே அதற்குக் கொடுக்க வேண்டும். தொழுவமும் லாயமும் வாடகை சம்பாதித்து அதன் கூரையைக் காப்பாற்றட்டும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாக ஒரு பயன் தேடாமல் முற்றத்தை ஒரே குடும்பமாகப் பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், அந்தப் பார்ன் எதற்காகக் கட்டப்பட்டது என்று பாருங்கள். நம் ஊரில் களமும் வைக்கோற்போரும் திறந்த வெளியில் இருக்கும். அறுவடைக்காலத்தில் வெயிலை நம்பலாம். இங்கே மழையை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கதிர்க்கட்டு அடுக்குவது, போரடிப்பது, தூற்றுவது எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தார்கள். நடுவில் எதிரெதிராக இரண்டு பெரிய கதவுகள். ஒன்றின் வழியாகக் கதிர் ஏற்றிய வண்டி உள்ளே வரும், மற்றதன் வழியாகக் காலி வண்டி போகும். இரண்டு கதவுக்கும் இடைப்பட்ட தரைதான் களம். போரடித்த பிறகு இரண்டு கதவையும் திறந்து வைத்தால் காற்று ஊடே அடிக்கும்; பதர் பறந்துவிடும், தானியம் விழும். கதவடியில் ஒரு பலகையைச் செருகி வைப்பார்கள், தானியம் வெளியே சிதறாமல் இருக்க. உங்கள் பார்னின் கதவு நிலையில் இரண்டு பக்கமும் நெடுக்குவாட்டில் பள்ளம் வெட்டியிருந்தால் அது அந்தப் பலகை இறங்கும் பள்ளம். களத்துக்கு இருபுறமும் கூரைவரை கதிர்க்கட்டுகள் அடுக்கியிருப்பார்கள். அதனால்தான் ஜன்னலே இல்லை, மாடி இல்லை, தடுப்புச் சுவர் இல்லை.

போரடிக்கும் இயந்திரம் 19ஆம் நூற்றாண்டில் பரவியதும் இந்தக் கட்டடத்தின் முதல் வேலை போயிற்று. கம்பைன் இயந்திரம் வந்த பிறகு மீதி வேலையும் போயிற்று. இன்றைய டிராக்டர் அந்தக் கதவுக்குள் நுழையாது, தூண்களுக்கு இடையே திரும்பாது. விவசாயி அதைக் கைவிட்டதில் தப்பு சொல்ல முடியாது.

சரி, அந்த வெற்றிடத்துக்குள் வீடு கட்டினால் என்ன ஆகும்? படுக்கையறைக்கு மாடி வேண்டும், மாடிக்கு ஜன்னல் வேண்டும், சமையலறைக்குப் புகைபோக்கி வேண்டும், குளிருக்குச் சுவரிலும் கூரையிலும் காப்பு அடைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு வெளியிலிருந்து பார்த்தால் பார்ன், உள்ளே போனால் எந்த ஊரிலும் இருக்கும் வீடு. ஓக் தூணில் தச்சர்கள் வெட்டிய ரோமன் எண்கள் (எந்த உத்தரம் எந்தத் தூணில் உட்கார வேண்டும் என்ற அடையாளம்), கதவு நிலையில் யாரோ கீறி வைத்த மூட்டைக் கணக்கு, காம்பஸ் வைத்து வரைந்த வட்டப் பூக்கள் எல்லாம் ஜிப்சம் பலகைக்குப் பின்னால் போய்விடும். கிரேடு 2 ஸ்டார் என்பதால் உங்கள் விண்ணப்பம் எப்படியும், பழங்கட்டடங்கள் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனத்தின் பார்வைக்குப் போகும். அவர்கள் முதலில் கேட்பதே, உள்ளே நின்றால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கண் ஓடுமா என்பதைத்தான்.

இந்த முற்றக் கணக்கு நானாகக் கற்பனை செய்ததில்லை. லண்டனின் மேற்கு ஓரத்தில் ரைஸ்லிப் மேனர் ஃபார்ம் இருக்கிறது. மெட்ரோபொலிட்டன் ரயிலில் போய் இறங்கி நடந்துவிடலாம். அங்குள்ள பெரிய பார்ன் 1300 வாக்கில் கட்டியது. பக்கத்தில் 16ஆம் நூற்றாண்டுச் சின்ன பார்ன் ஒன்று. 1904இல் ரயில் வந்த பிறகு பண்ணையைச் சுற்றி வீடுகள் முளைத்து, 1930களில் இடம் உள்ளூர் நிர்வாகத்தின் கைக்கு வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நூலகத்தைப் பெரிய பார்னில் வைக்கவில்லை. சின்ன பார்னில் வைத்தார்கள், 1937இல். இன்றும் அங்கேதான் ஓடுகிறது. மாட்டுத்தொழுவம் ஓவியக் கண்காட்சிக் கூடமாகியிருக்கிறது. பெரிய பார்ன் பெரும்பாலும் வெறுமையாக நின்று, சந்தைக்கும் விழாவுக்கும் கதவைத் திறக்கிறது. புத்தக அலமாரிக்குச் சூடு வேண்டும், வெளிச்சம் வேண்டும், கழிவறை வேண்டும். அதெல்லாம் சின்னக் கட்டடத்தில் கொடுக்கக்கூடிய விஷயம். அவ்வளவு உயரமான கூரைக்குக் கீழ் உள்ள காற்றைச் சூடாக்குவது பணத்தை எரிப்பதற்குச் சமம்.

வில்ட்ஷயரில் பிராட்ஃபர்ட் ஆன் ஏவன் ஊரிலும் இதே கதைதான். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாஃப்ட்ஸ்பரி கன்னிமடம் கட்டிய 51 மீட்டர் நீளப் பார்ன் அங்கே ஒன்றுமே வைக்காமல் நிற்கிறது. யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். அதே முற்றத்தின் மற்றக் கட்டடங்களில் டீக்கடையும் கைவினைக் கடைகளும். இன்னொரு பக்கத்துப் பார்ன் 1982இல் தீப்பிடித்து அழிந்தது. அதைத் திரும்பக் கட்டியபோது கூட்டம் நடத்தும் கூடமாக அமைத்துக்கொண்டார்கள். எரிந்து போனதில் நவீன வசதிகளைப் புகுத்தினால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. பழமை மிஞ்சியிருப்பதில் கை வைக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

ஹாரோ பக்கம் இருக்கும் தமிழர்கள் ஹெட்ஸ்டோன் மேனரைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள பெரிய பார்ன் 1506இல் கான்டர்பரி ஆர்ச்பிஷப்புக்காகக் கட்டியது. இன்று விழாக்களுக்கு வாடகைக்குக் கிடைக்கிறது, அருங்காட்சியகம் பக்கத்தில். எசெக்ஸில் கிரெஸ்ஸிங் டெம்பிள் இன்னும் பழையது: டெம்ப்ளர் வீரத்துறவிகளின் பண்ணை, 13ஆம் நூற்றாண்டின் இரண்டு மாபெரும் மரப் பார்ன்கள், ஒன்று பார்லிக்கு, ஒன்று கோதுமைக்கு. எசெக்ஸ் கவுன்ட்டி கவுன்சில் 1987இல் அந்த இடத்தை வாங்கியது. அங்கே கல்யாணம் நடக்கிறது, கண்காட்சி நடக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள்.

இதிலிருந்து, கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பது புரிந்திருக்கும். கட்டடத்தைப் பொறுத்தவரை கல்யாணம் நல்ல விருந்தாளி: நாற்காலியும் மேசையும் உள்ளே வரும், மறுநாள் வெளியே போகும், சுவரில் ஆணி அடிக்க வேண்டியதில்லை. தொல்லை ஊருக்குத்தான். சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு நூறு பேர் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒற்றை வழிச் சாலையில் டாக்ஸி தேடினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பலகை அடித்த சுவர் சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது. பாட்டு உள்ளே ஓடுவதும் வெளியே ஓடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம், சீசன். மே முதல் செப்டம்பர் வரை முன்பதிவு நிற்காமல் வரும்; ஜனவரியில் ஈ ஓட்டலாம். கல்யாணத்தை மட்டுமே நம்பித் தொழில் நடத்துபவர் அடுத்த வருடமே உங்களிடம் வந்து, ஒரு கூடாரம் போடலாமா, நிரந்தர மதுபானக் கூடம் கட்டலாமா, கதவுக்குக் கண்ணாடி போட்டுச் சூடாக்கலாமா என்று கேட்பார். அவர் மேல் தப்பில்லை, அவர் கடனைக் கட்ட வேண்டும். ஆனால் அந்த ஒவ்வொரு 'லாமா'விலும் பார்ன் கொஞ்சம் கொஞ்சமாக ஹோட்டலாகும். வருடத்துக்கு இத்தனைதான், இத்தனை மணிக்கு மேல் இசை இல்லை என்று எண்ணிக்கை வைத்து, அது போனால் போகட்டும் என்று சொல்லும் நிலையில் ஊர் இருக்க வேண்டுமானால், வேறு வருமானம் இருந்தாக வேண்டும்.

அந்த வேறு வருமானம் தொழுவத்திலும் லாயத்திலும் இருக்கிறது. உங்கள் மாட்டுத்தொழுவம் ஒரே நீளம், தாழ்ந்த கூரை, ஒரே சீராகக் கதவுகள். இயல்பிலேயே அது ஏழெட்டு அறையாகப் பிரிந்த கட்டடம். பழைய தடுப்புகள் இருக்கும் இடத்திலேயே தடுப்பு போட்டால் கட்டடத்தின் இயல்பு கெடாது. தச்சுப்பட்டறை, மண்பாண்டம் செய்பவர், சைக்கிள் பழுதுபார்ப்பவர், இரண்டு பேர் உட்காரும் கணக்காளர் அலுவலகம், நாய்க்கு முடி வெட்டுபவர் என்று கிராமத்தில் அதற்கு ஆள் கிடைக்கும். வீட்டு கராஜில் தொழில் செய்துகொண்டு இடம் போதாமல் திண்டாடுபவர் எத்தனை பேர் என்று ஊரில் ஒரு சுற்று கேட்டுப் பாருங்கள்.

இதில் சின்ன அறைகளாகப் பிரிப்பதற்கு ஒரு வரிக் காரணமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. விவசாயக் கட்டடமாக இருக்கும்வரை வணிகச் சொத்து வரி கிடையாது. கடையாகவோ அலுவலகமாகவோ மாறிய அன்றே வரி வந்துவிடும். ஆனால் இங்கிலாந்தில், வரி மதிப்பு 12,000 பவுண்டுக்கு மேற்போகாத ஒரே ஒரு இடத்தை வைத்திருக்கும் சிறுதொழிலுக்கு முழுத் தள்ளுபடி கிடைக்கும். 15,000 வரை படிப்படியாகக் குறையும். அதாவது தொழுவத்தை ஒரே பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்தால் அவர் வரியும் சேர்த்துக் கணக்குப் போட்டு வாடகையைக் குறைத்துப் பேசுவார். எட்டாகப் பிரித்து எட்டுச் சின்னத் தொழில்களுக்குக் கொடுத்தால் பெரும்பாலானோருக்கு வரியே இராது. உங்களுக்கு உரிய வாடகையைக் கொடுக்க அவர்களால் முடியும். ஒருவர் காலி செய்தாலும் ஏழு பேர் இருப்பார்கள்.

லாயத்துக்கு வேறு குணம். கீழே குதிரை, மேலே வைக்கோல் பரணும் சில இடங்களில் ஆள் தங்கும் அறையும். ஏற்கெனவே ஜன்னல், படி, மாடி எல்லாம் இருக்கும். எங்காவது ஒரு வீடு வந்தே தீர வேண்டும் என்றால் இங்கே வரட்டும். வண்டிக்கொட்டகை முன்பக்கம் திறந்தே இருக்க வேண்டிய கட்டடம். அந்தத் திறப்பைக் கண்ணாடி போட்டு அடைத்த எதையும் நான் அழகாகப் பார்த்ததில்லை. சைக்கிள் நிறுத்த, மழையில் சந்தை போட, குப்பைத் தொட்டிகளை மறைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

எல்லோரும் இடிக்கச் சொல்லும் 1960களின் இரும்பு ஷெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கூரைத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, சோதிக்காமல் யாரையும் கை வைக்க விடாதீர்கள். ஆனால் அந்த இடம் உங்களுக்குப் பொன். கழிவறை, சமையலறை, மின்சாரப் பெட்டி, நாற்காலி அடுக்கும் அறை ஆகியவற்றைப் பெரிய பார்னுக்குள் திணிக்காமல் அந்த ஷெட் நின்ற இடத்தில் புதிதாக, எளிமையாகக் கட்டிக்கொள்ளலாம். பார்னுக்குள் ஒரு குழாய்கூட ஓடாமல் நூறு பேருக்கு விழா நடத்த முடியும். குளிர்கால உபயோகம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு, பார்னின் ஒரு மூலையில் தூண் எதையும் தொடாமல் ஒரு மர அறையைத் தனியாக நிறுத்தி அதை மட்டும் சூடாக்கலாம். நாளை வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம்.

வயல் நடுவில் தனியாக நிற்கும் அந்தக் கொட்டகைக்கு ஒரு பயனும் தேடாதீர்கள். யார்க்‌ஷயர் டேல்ஸில் ஆயிரக்கணக்கில் இப்படிக் கல் கொட்டகைகள் புல்வெளிகளுக்கு நடுவே நிற்கின்றன. கீழே மாடு, மேலே காய்ந்த புல். பல வருடம் யோசித்து அந்தத் தேசியப் பூங்கா நிர்வாகம் ஒரு கோடு கிழித்தது: ஊருக்குள்ளும் சாலையோரத்திலும் இருப்பதை வீடாக்கலாம், வயல் நடுவே இருப்பதைக் கூடாது. காரணம் கட்டடம் அல்ல. வீடானால் அதற்குப் பாதை வேண்டும், மின்கம்பம் வேண்டும், கார் நிறுத்துமிடம் வேண்டும், தோட்டம் வேண்டும். ஒரு கொட்டகையைக் காப்பாற்றி ஒரு நிலப்பரப்பைக் கெடுத்ததாகும். கூரையை மட்டும் ஒழுகாமல் வைத்து ஆந்தைக்கு விட்டுவிடுங்கள். மிஞ்சினால், நடந்து வருபவர் படுத்து எழ ஒரு மர மேடையும் ஒரு குழாயும் போதும் என்கிற கேம்பிங் பார்ன் முறை உண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

இப்போது வீட்டுத் தரப்பாருக்கு வருகிறேன். அவர்கள் கணக்கு முட்டாள்தனமான கணக்கு இல்லை. வரிச்சட்டமே அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. பழைய பார்னைப் பார்னாகவே வைத்துப் பழுதுபார்த்தால் 20 சதவீதம் வாட் வரி. அதையே வீடாக மாற்றினால் அந்த வேலைக்கு 5 சதவீதம். பாதுகாப்பவருக்குத் தண்டனை, மாற்றுபவருக்குச் சலுகை. இந்த விசித்திரத்தைப் பற்றி எத்தனையோ வருடமாக எல்லோரும் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். திட்ட அனுமதி விதிகளும் அப்படித்தான். கிளாஸ் க்யூ என்று ஒரு விதி 2014இல் வந்தது. முழு அனுமதி விண்ணப்பம் இல்லாமலே விவசாயக் கட்டடத்தை வீடாக்கலாம். 2024 மே மாதத்தில் அதை இன்னும் தளர்த்தி 10 வீடுகள், மொத்தம் 1,000 சதுர மீட்டர் வரை என்று ஆக்கினார்கள். வணிகப் பயன்களுக்குக் கிளாஸ் ஆர் என்று அதற்கு ஒரு தம்பி இருக்கிறது.

ஆனால் உங்கள் கவுன்சிலில் யாராவது கிளாஸ் க்யூ என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பட்டியலில் உள்ள கட்டடத்துக்கு இந்த இரண்டு விதியும் பொருந்தாது. அது மட்டுமில்லை: பட்டியலிட்ட கட்டடத்தின் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்பவை பொதுவாகப் பட்டியலில் சேர்ந்தவையாகவே கருதப்படும். லாயம், தொழுவம், வண்டிக்கொட்டகை எல்லாம் அதில் வந்துவிடலாம். இதை மாவட்ட கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரும்பு ஷெட்டை வீடாக்கலாம் என்று வேறு யாராவது கிளம்பினால், 2016இல் ஹிபிட் வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னதைக் காட்டுங்கள். மூன்று பக்கமும் திறந்த இரும்புக் கொட்டகைக்குச் சுவர் எழுப்பி வீடாக்குவது மாற்றம் ஆகாது, புதிதாகக் கட்டுவதுதான் என்று தீர்ப்பு.

கணக்கு நேராகாது என்ற பயம் உண்மையானதுதான். அதற்கு முதல் மருந்து, பார்னுக்கு எவ்வளவு செலவாகும் என்பதை ஊகிக்காமல் பார்த்துத் தெரிந்துகொள்வது. பழைய ஓக் மரம் பார்க்கப் பயங்கரமாகவும் தட்டினால் இரும்பாகவும் இருக்கும். கெட்டுப்போவது பெரும்பாலும் கீழேதான். தூண்கள் உட்காரும் கிடை உத்தரம் செங்கல் மேடையின் மேல் ஓடும். வெளியே மண் ஏறி அந்த மேடையை மூடியிருந்தால் உத்தரம் ஊறும். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். முனை அரை அங்குலத்தில் நின்றால் பிழைத்தீர்கள். பிடி வரை இறங்கினால் அந்தத் துண்டை வெட்டிப் புது ஓக் சேர்க்க வேண்டும். அடுத்து, யாராவது சிமென்ட் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய மென்மையான செங்கல்லின் இடுக்கில் சிமென்ட் அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லின் முகமே செதில் செதிலாக உதிரும். சாந்து மட்டும் வலை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளே களத்தின் மேல் கான்கிரீட் போட்டிருந்தாலும் அதே கதை: தரையிலிருந்து ஏற முடியாத ஈரம் சுவர்மேடைக்குப் போகும். மூன்றாவது, கூரை. ஓடு நழுவிய இடத்துக்கு நேர் கீழே கைமரமும் உத்தரமும் சேரும் மூட்டில் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இதெல்லாம் முறையான ஆய்வுக்கு மாற்று அல்ல, ஆனால் ஆய்வாளரிடம் என்ன கேட்பது என்று தெரியும். ஸ்பேப் என்று அழைக்கப்படும் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் (வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கியது) தொலைபேசியில் இலவசமாகவே தொழில்நுட்ப ஆலோசனை சொல்கிறது, தயங்காமல் கூப்பிடுங்கள்.

ஒழுகாமல் நிறுத்தும் செலவும் 'மாற்றும்' செலவும் ஒன்றல்ல. பார்னை வெறுமையாக விடுவதென்று முடிவெடுத்தால் முதல் செலவு மட்டும்தான். கவுன்சில் கூட்டத்தில் இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாக மேசையில் வையுங்கள். வீட்டுத் தரப்பு கொண்டுவரும் எண்ணில் இரண்டும் கலந்திருக்கும்.

ஹார்மண்ட்ஸ்வொர்த் கதை இதற்கு நல்ல சாட்சி. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, 1420களில் வின்செஸ்டர் காலேஜ் கட்டிய 58 மீட்டர் நீளப் பார்ன். கவிஞர் பெச்சமன் அதை 'மிடில்செக்ஸின் கதீட்ரல்' என்றார். 2006இல் அதை ஒரு நிறுவனம் 1 பவுண்டுக்கு வாங்கியது. பராமரிக்கவில்லை, கூரை ஒழுகியது. கடைசியில் 2011இல், பழங்கட்டடங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு அதை 20,000 பவுண்டுக்கு வாங்கிப் பழுதுபார்த்தது. இன்றும் அதில் 'புதிய பயன்' என்று எதையும் புகுத்தவில்லை. கோடைக்காலத்தில் மாதத்துக்குச் சில ஞாயிறுகள் உள்ளூர் நண்பர்கள் குழு கதவைத் திறக்கிறது, அவ்வளவுதான். அந்த அளவு பெருமை உங்கள் பார்னுக்கு இருக்காது, அரசுப் பணமும் வராது. ஆனால் மரச்சட்டம் கேட்பது என்னவோ அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்: ஒழுகாத கூரை, காற்றோட்டம், யாராவது வந்து பார்த்துப் போவது.

பொதுக்கூடத் தரப்பாரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு உள்ளே யார் இருப்பார்கள்? ஊரில் ஏற்கெனவே ஒரு கூடம் இருந்தால் அது வாரத்தில் எத்தனை மணிநேரம் பூட்டிக் கிடக்கிறது என்று டைரியை வாங்கிப் பாருங்கள். இரண்டாவது கூடம் முதல் கூடத்தையும் சேர்த்துக் கொல்லும். ஊருக்கு இல்லாதது எது என்று தேடினால் பெரும்பாலும் வேறு பதில் வரும்: மூடிப்போன கடை, தபால் கவுன்ட்டர், குழந்தைகளை விடும் இடம், ஒரு காபி. இவை எல்லாமே லாயத்திலோ தொழுவத்தின் முதல் இரண்டு அறையிலோ அடங்கும். தினமும் ஆள் வந்துபோகும் அந்தக் கடைதான் முற்றத்துக்கு உயிர் கொடுக்கும். பார்ன் அறுவடைத் திருவிழாவுக்கும் நாடகத்துக்கும் வருடத்தில் முப்பது நாள் நிறைந்தால் போதும்.

பணத்துக்கு வழிகள் உண்டு. பாரிஷ் கவுன்சில் அனுமதி பெற்று அரசிடமிருந்தே கடன் வாங்கலாம். கவுன்சிலிடமிருந்து தனியாக ஓர் அறக்கட்டளையோ சமுதாய நலச் சங்கமோ அமைக்கலாம்; சங்கமாக இருந்தால் ஊர் மக்களுக்குப் பங்கும் விற்கலாம். 1976இலிருந்து இயங்கும் ஆர்க்கிடெக்சுரல் ஹெரிடேஜ் ஃபண்ட் இந்த மாதிரி அமைப்புகளுக்குத்தான் ஆரம்ப ஆய்வுக்கு மானியமும் பிறகு கடனும் கொடுக்கிறது. லாட்டரிப் பணத்திலிருந்து மானியம் தரும் லாட்டரி ஹெரிடேஜ் ஃபண்டும் உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். எனக்குக் கேட்டால் கவுன்சிலே நேரடியாக நடத்துவதை விடத் தனி அமைப்பு நல்லது. தேர்தல் முடிவுக்கு ஏற்ப வாடகைக் கொள்கை மாறுவதைக் குடியிருக்கும் சிறுதொழிலாளி தாங்க மாட்டார். குடும்பத்தார் மனம் மாறி வேறு யாருக்காவது விற்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால், 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டப்படி அதைச் 'சமுதாய மதிப்புள்ள சொத்து' என்று பதிவுசெய்ய முயலலாம். பதிவானால் விற்பனையை ஆறு மாதம் நிறுத்திவைத்து ஊர் பணம் திரட்டிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு அந்த இடம் அண்மையில் ஊருக்குப் பயன்பட்டிருக்க வேண்டும். வெறும் வேலைப் பண்ணையாகவே இருந்திருந்தால் மாவட்ட கவுன்சில் ஏற்பது கடினம். கிராமத் திருவிழா அங்கே நடந்திருந்தால் அந்தப் படங்களைத் தேடி எடுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் தாமதப்படுத்தக்கூடியது வௌவால். எல்லா வகை வௌவாலுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. கூரையில் கை வைக்கும் முன் ஆய்வு வேண்டும், குடியிருந்தால் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்திடம் உரிமம் வேண்டும். மாலையில் வெளியே பறப்பதை எண்ணும் ஆய்வை மே முதல் செப்டம்பர் வரைதான் செய்ய முடியும். அந்த மாதங்களைத் தவறவிட்டால் முழுதாக ஒரு வருடம் போயிற்று. கூகையும் இருக்கலாம், கூடு கட்டியிருக்கும்போது அதைத் தொந்தரவு செய்வதே குற்றம். ஆகவே கல்யாணமா கடையா என்ற வாக்கெடுப்பை இந்த மாதக் கூட்டத்தில் வைக்க வேண்டாம். வௌவால் ஆய்வாளருக்கும் மரச்சட்டம் தெரிந்த ஒரு பொறியாளருக்கும் ஆகும் கட்டணத்தை மட்டும் ஒப்புதலுக்கு வையுங்கள். வளாகக் கட்டடங்களைப் பற்றி மாவட்ட கவுன்சிலுக்கு எழுத வேண்டிய கடிதத்தையும் அதே கூட்டத்தில் முடித்துவிடுங்கள். அந்த மூன்று பதிலும் கைக்கு வந்தால், இப்போது மேசையில் இருக்கும் யோசனைகளில் பாதி தானாகவே விழுந்துவிடும்.